வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய நான் உட்கார்ந்ததற்கு, முந்தைய ஞாயிறு மாலை என் மாமியார் போட்ட அலறல்தான் காரணம்.

மலையாளமும் தமிழும் கலந்து பேசும் கரமனையில், ஆற்றுக்குப் போகும் தெருவில், ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்குபோட்டுக்கொள்ளும் வரிசையில் எங்கள் வீடு. அங்கே யாராவது அலறினால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். மாமியாரோ குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சைக்கூட மார்ஜின் விட்டுத்தான் பேசுவார்.

ஞாயிறு மாலைகளில் அவருடைய மூத்த மகன் அமெரிக்காவிலிருந்து வெப்கேமராவில் வருவார். மாமியார் முகம் கழுவி, விபூதி இட்டு, இஸ்திரி போட்ட புடவை உடுத்திக்கொண்டு கூடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்காருவார். அன்றும் அப்படித்தான். மகனின் முகம் தெளிந்து, "அம்மா, கேக்கறதா?" என்று குரல் வந்ததுதான் தாமதம், அந்த முகத்துக்கு மேலேயே ஒரு சதுரம் திறந்தது. அதில் உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் ஒரு பெண்.

"பகவானே!"

நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தபோது மாமியார் எழுந்து நின்று புடவைத் தலைப்பால் திரையை மூடிக்கொண்டிருந்தார். தலைப்புக்குப் பின்னாலிருந்து மகன், "என்னம்மா? விழுந்துட்டியா? என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அந்தச் சதுரத்தை மூடினேன், இரண்டு திறந்தன. இரண்டையும் மூடினேன், ஒரு சூதாட்ட விளம்பரம் காசு கொட்டும் சத்தத்தோடு வந்தது. கடைசியில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

பக்கத்து வீட்டு மாமி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். "எந்தா மாமி, பாம்பா?"

"பல்லி," என்றார் மாமியார்.

நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். ஊரார் எழுதும் நிரல்களில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. சொந்த வீட்டில் ஒரு மெஷின் இப்படிச் சீழ்பிடித்துக் கிடப்பது எனக்கு மானக்கேடாக இருந்தது. அந்த வாரம் ஆபீசில் ஸ்பைவேர் நீக்கும் இலவச நிரல்கள் மூன்றை ஒரு சிடியில் எழுதி எடுத்து வந்தேன்.

இங்கே அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணத்துக்காக வந்திருந்தபோது மூத்தவர் வாங்கி வைத்த பரிசு அது. என் கணவருக்கு அண்ணா. நானும் அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகினேன். மாமனார் காலமாகி வருஷம் கழிந்த பிறகு நடந்த கல்யாணம். மாமனாரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவர் சாகும்போது அண்ணா ஊரில் இல்லை என்பதும், கொள்ளி போட்டது என் கணவர் என்பதும் மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

அண்ணா நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். கல்யாணக் களேபரத்துக்கு நடுவிலும் தனியாக உட்கார்ந்து வயர்களையெல்லாம் ஒழுங்காகக் கட்டி, கேமராவைப் பொருத்தி, அம்மாவுக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். "இனி அம்மா தினம் என்னைப் பாக்கலாம்," என்றார். 

சிடியைப் போட்டுத் தேடச் சொன்னதும் பட்டியல் ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. முக்கால்வாசியும் என் கணவரின் கைங்கரியம். பாங்கில் வேலை பார்ப்பவர், இலவசம் என்று கண்டால் விடமாட்டார். கிரிக்கெட் ஸ்கோர் ஓடும் பட்டை ஒன்று, மழை வருமா என்று சொல்லும் படம் ஒன்று, திரையில் குதித்து நகைச்சுவை சொல்லும் பொம்மை ஒன்று. பிராட்பேண்ட் வந்த பிறகு எல்லாவற்றையும் இறக்கியிருந்தார். ஒவ்வொன்றும் தன் மடியில் நாலு திருடர்களை வைத்துக்கொண்டு வந்திருந்தது. நீக்கினேன். மறுபடி ஓடவிட்டேன். திரும்ப வந்து நின்றன. பிராட்பேண்ட் வயரைக் கழற்றிவிட்டு, சேஃப் மோடில் ஏற்றி, வேரோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்புறம் வயரைச் சொருகி, நீக்கும் நிரலைப் புதுப்பித்து, கடைசியாக ஒரு தடவை தேடச் சொன்னேன்.

சுத்தம். ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்குக் கீழே இருந்த விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன். மற்றவற்றைப் போல இது தானாக ஒட்டிக்கொண்டு வந்ததல்ல. கடையில் விலைக்கு விற்கும் கண்காணிப்பு நிரல். யாராவது மெஷின் முன் உட்கார்ந்து நிறுவினால்தான் உள்ளே வரும். நீங்களே நிறுவியிருந்தால் விட்டுவிடலாம் என்று அடியில் ஒரு வரி.

நான் நிறுவவில்லை.

அது தன் கோப்புகளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்றும் காட்டியது. திறந்தேன். படங்கள். கீழே இறக்க இறக்கப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியும் நேரமும் பெயராக இருந்தன. சும்மா நடுவில் ஒன்றைத் திறந்தேன். புனேயில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு நான் எழுதிய மெயில், பாதி அடித்த நிலையில், எழுத்துப் பிழையோடு அப்படியே திரையில் நின்றது. நான் பிற்பாடு அழித்துவிட்ட வாக்கியம்கூட அதில் இருந்தது. அனுப்பாமல் விட்டதையும் இது பார்த்திருக்கிறது.

 அந்த மெயில் எதைப் பற்றியது என்பதை இப்போது சொல்லலாம். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் எனக்கு நாள் தள்ளிப்போய், யாருக்கும் சொல்வதற்கு முன்பே அது கலைந்துபோனது. என் கணவருக்கும் டாக்டருக்கும் அந்தத் தோழிக்கும் மட்டும் தெரியும். திருநெல்வேலியில் என் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரம் மாமியார் என்னிடம், "பெரியவன் போன்ல சொன்னான், உன்னை பக்கெட்டெல்லாம் தூக்க விடாதேன்னு. ரெஸ்ட் எடுத்துக்கோ," என்றார். அமெரிக்காவில் இருப்பவருக்கு என் உடம்பைப் பற்றி என்ன தெரியும்? கணவர்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. அந்தக் கசப்பு எங்களுக்குள் வெகு நாள் கிடந்தது.

இன்னொரு படத்தைத் திறந்தேன். ஒரு வேலை நாள், மத்தியானம். அந்த நேரத்தில் நானும் என் கணவரும் ஆபீசில் இருப்போம். வீட்டில் மாமியார் மட்டும்தான். அவருக்கோ கேமராப் பொத்தானைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். திரையில் ஒரு வெள்ளைப் பக்கம், மேலிருந்து கீழ்வரை எழுத்து. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரு பிழை கிடையாது, ஒவ்வொரு பத்தியும் ஐந்து இடம் தள்ளித் தொடங்கியது. டைப்பிஸ்டின் பக்கம்.

"இன்னிக்கு மத்தன் எரிசேரி. யாருக்கும் பிடிக்கலை, ஆனா சொல்ல மாட்டா. கால் வலி குறையலை. மாட்டுப்பொண்ணு குளிமுறியில குழாயைத் திறந்து விட்டுண்டு அழறா. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். நானும் ரெண்டு களைஞ்சவதான். அவளா சொல்லாம நான் கேக்கப்படாது. ஜலதோஷத்துக்குன்னு சொல்லிக் கஷாயம் வெச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டா."

அதற்கு மேல் படிக்காமல் மூடினேன். ஜலதோஷமே இல்லாமல் நான் குடித்த அந்தக் கஷாயம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மாமியார் பிடிவாதமாக நாலு நாள் கொடுத்தார். இந்த வீட்டில் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்ததையெல்லாம் ஒரு இயந்திரம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. மாமியார் அடுத்த அறையில் மலையாளப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது.

சாலைக் கடைத்தெருவிலிருந்து காய்கறிப் பையோடு என் கணவர் உள்ளே வந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"இதை நீங்களா போட்டேள்?"

"எதை?"

காட்டினேன். அவர் பையைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தார். ஒரு கத்திரிக்காய் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. என் மெயிலைப் படிக்கத் தொடங்கி, இரண்டு வரியில் புரிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சத்தியமா நான் இல்லே. உன்னோடதை நான் எதுக்கு இப்படி... நீ என்னைப் பத்தி இப்படியா நினைக்கறே?"

"இது தானா வராது. யாரோ இங்க உக்காந்து போட்டிருக்கா. இந்த வீட்டுல நீங்க, நான், அம்மா. வேற யாரு?"

அவர் பையைக் கீழே வைத்தார். படங்களின் வரிசையை மேலே ஏற்றிக்கொண்டே போய் முதல் படத்தில் நிறுத்தினார். தேதியைப் பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள், சாயங்காலம்.

"அன்னிக்கு நாம எல்லாரும் கோவிலுக்குப் போனோம், ஞாபகம் இருக்கா?" என்றார் மெதுவாக. "அண்ணா மட்டும் வரலை. தலைவலின்னு ஆத்துலயே இருந்துட்டார்."

"சீ, அப்படிச் சொல்லாதேள். அண்ணா போய்..."

போன் அடித்தது.

மாமியார்தான் எடுத்தார். "பெரியவனா? இந்நேரத்துக்கா? அங்க பாதி ராத்திரி ஆச்சேடா. உடம்பு சரியில்லையா?" பிறகு குழம்பிய முகத்தோடு ரிசீவரை என் பக்கம் நீட்டினார். "உன்னைத்தான் கூப்பிடறான்."

இரண்டு வருஷத்தில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதில்லை. வாங்கிக் காதில் வைத்தேன்.

"அந்தக் கடைசி ஒண்ணை மட்டும் எடுத்துடாதே," என்றார் அண்ணா. "ப்ளீஸ். மத்ததெல்லாம் எடுத்தது நல்லது. அது மட்டும் இருக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. "எதை, அண்ணா?"

"இப்போ உன் முன்னால திறந்திருக்கே, அது."

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது என்று கதைகளில் படித்திருக்கிறேன். அன்றுதான் அது உண்மையிலேயே நடக்கும் விஷயம் என்று தெரிந்துகொண்டேன். கேமராவைப் பார்த்தேன். அதன் விளக்கு எரியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். ஏழு கடல் தாண்டி ஒரு மனிதர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அரை மணிக்கு ஒரு தடவை எனக்கு வரும். நீ காலையிலேர்ந்து கிளீன் பண்றதைப் பாத்துண்டுதான் இருக்கேன். இதை நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சேன்."

என் கணவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். ஸ்பீக்கர் பொத்தானை ஏன் அமுக்கினார் என்று தெரியவில்லை. கை தவறியும் இருக்கலாம். அண்ணன் தம்பி இருவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே சண்டை மலையாளத்தில்தான். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"இது சரியல்லா, அண்ணா. ஒட்டும் சரியல்லா. இவளோட மெயிலெல்லாம் வாசிக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

 பிறகு அண்ணா பேசினார். கத்தவில்லை. தயாராக வைத்திருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்பாக்கு வெறும் ஜுரம்னு சொன்னே. ஒவ்வொரு வாரமும் போன் பண்ணிக் கேட்டேன். 'ஜுரம், கொறஞ்சுண்டு வரது, சாரமில்லே, பயப்பட ஒண்ணுமில்லே.' அம்மாவும் அதையே சொன்னா. அப்பாவே போன்ல வந்து, 'நான் நன்னா இருக்கேன், நீ லீவெல்லாம் போடாதே'ன்னார். அப்போ அவருக்கு மூக்குல குழாய் போட்டிருந்தது. எனக்குத் தெரியாது. நான் வந்து எறங்கினப்போ எலும்பு பொறுக்கி சஞ்சயனமே முடிஞ்சுடுத்து. இனிமே நீங்க சொல்ற எதையும் நான் எப்படி நம்பறது? ஞாயித்துக்கிழமை கேமரால அம்மா சிரிச்சுண்டு உக்காருவா. அப்பா படுத்திருந்தப்போவும் சிரிச்சுண்டுதானே பேசினா?"

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமனாரின் கடைசி நாட்களைப் பற்றி நான் கேட்ட முதல் பேச்சு இதுதான்.

மாமியார் நடுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். "அவன் என்ன சொல்றான்? எதைப் பாத்தானாம்?" என்று என்னைக் கேட்டார்.

எப்படிச் சொல்வது? "இந்தக் கம்ப்யூட்டர்ல நாம என்ன பண்ணினாலும், அதைப் போட்டோ பிடிச்சு அண்ணாக்கு அனுப்பும்படி வெச்சிருக்கார், அம்மா. கல்யாணத்துக்கு வந்தப்போ."

"நாம பேசறதா?"

"இல்லே. டைப் பண்றது."

அவர் முகம் வெளுத்துப் போவதைப் பார்த்தேன். கை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டது.

"சேவ் பண்ணலேன்னா?" என்றார்.

என் கணவர் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தார். 'சேவ்' என்ற வார்த்தை அம்மாவுக்குத் தெரியும் என்பதே அவருடைய சொந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சேவ் பண்ணாததும்தான், அம்மா," என்றேன்.

"நான் வெறுதே, சும்மா... விரல் மரத்துப் போகப்படாதேன்னு மத்தியானம் கொஞ்சம் அடிச்சுப் பாப்பேன். அடிச்சுட்டு மூடிடுவேன். வேண்டாம்னு குடுத்தா அழிஞ்சு போகும்னு நினைச்சேன்." போனைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாம் வாசிச்சியாடா?"

"வாசிச்சேன்மா."

"நான் குளிமுறியில விழுந்ததும்?"

"ரெண்டு தடவை விழுந்திருக்கே. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் நான் கேமரால, 'எப்படிம்மா இருக்கே'ன்னு கேட்டேன். நன்னா இருக்கேன்னே. தலைசுத்தல் உண்டான்னு கேட்டேன். எனக்கென்னன்னே."

என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் விழுந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு தெரியாது.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.  பிறகு, ஆபீசில் யாரோ படிக்கச் சொன்னதைப் படிப்பதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னார். எப்போது விழுந்தார், எந்த இடத்தில் அடிபட்டது, எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆயிற்று. அதிலிருந்து பின்னோக்கிப் போய் மாமனாரின் கடைசி வாரங்களுக்கு வந்தார். டாக்டர் என்ன சொன்னார், மாமனார் என்ன சாப்பிட்டார், எந்த ராத்திரி மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், எல்லாம்.

"உனக்குச் சொல்லப்படாதுன்னு அவர்தான் என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிண்டார். உன் வேலை அப்போ ஆட்டம் கண்டுண்டிருந்தது. நீ லீவ் போட்டு வந்தா திரும்பப் போக முடியாதுன்னு அவருக்கு பேடி, அவ்வளவு பயம். தம்பியை ஏசாதே. அவன் சொல்லணும்னுதான் நின்னான். நான்தான் வாயை மூடினேன்."

மறுபக்கத்தில் அண்ணா அழும் சத்தம் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. என் கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த அறையில் இடமே இல்லை என்று தோன்றியது. இவர்கள் மூவருக்கும் இடையில் நான் வருவதற்கு முன்பே நடந்த ஒன்றுக்கு, என் உடம்பையும் என் அழுகையையும் சேர்த்துத் தண்டமாக வாங்கியிருக்கிறார்கள். இரக்கமும் வந்தது, அருவருப்பும் வந்தது.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனி நீ கேளு, நான் உள்ளது உள்ளபடி சொல்றேன். ஒளிஞ்சு நின்னு பாக்காதே. அது மதி, அது போதும்." என் பக்கம் திரும்பினார். "அதை எடுத்துக் களை."

களை என்றால் அவர்கள் பேச்சில் தூக்கி எறி. நான் நீக்கும் பொத்தானை அமுக்கினேன். கடவுச்சொல் கேட்டது.

"பாஸ்வேர்ட் கேக்கறது," என்றேன்.

அண்ணா சொல்லச் சொல்ல, மாமியார் ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பச் சொன்னார். நான் அடித்தேன். எங்கள் தெருவின் பெயர், அதன் பின்னால் வீட்டு நம்பர். ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து முடிந்தது. பிறகு படங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, என் கணவர் திரையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்ள, அழித்தேன். இங்கே அழித்தாலும் அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணாவிடம் சொன்னேன். தானும் அழித்துவிடுவதாகச் சொன்னார். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. அன்று அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்றே எனக்குத் தெரியவில்லை.

போனை வைத்த பிறகு மாமியார் சமையலறைக்கு வந்தார். நான் கத்திரிக்காயைக் கழுவிக்கொண்டிருந்தேன். 

"நீயும் வாசிச்சியா?"

"ஒண்ணே ஒண்ணு, அம்மா."

"எது?"

"கஷாயம்."

அவர் தலையை ஆட்டினார். என் கையிலிருந்து கத்திரிக்காயை வாங்கி நறுக்க ஆரம்பித்தார். நறுக்கி முடித்துவிட்டு, "உங்கம்மாக்குச் சொல்லிடு. பெத்தவளுக்குத் தெரியாம இருக்கப்படாது," என்றார். அன்று சாயங்காலமே திருநெல்வேலிக்குப் போன் செய்தேன். என் அம்மா அழுதாள், திட்டினாள், மறுவாரம் ரயிலேறி வந்து நின்றாள்.

மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் ஒரு பக்கம் விழுந்திருக்கும் என்று டாக்டர் எங்களைக் கடிந்துகொண்டார். அண்ணா வேவு பார்க்காவிட்டால் எங்களுக்கு இது தெரிய வந்திருக்குமா என்று என் கணவர் ஒரு தடவை கேட்டார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

என் தோழிக்கு வீட்டிலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன். மெஷினை முழுதாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியும், அதன் முன் உட்கார்ந்தால் முதுகு கூசியது. ஆபீசில்கூட ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு அழித்தால், அந்த அழித்த வாக்கியம் யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும் என்ற எண்ணம் வந்துவிடும். அண்ணா எனக்கு ஒரு மெயில் அனுப்பினார், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டு. என்ன எழுதினாலும் அது இன்னொரு தடவை என்னைத் திறந்து காட்டுவதாக ஆகும் என்று பட்டது. பதில் போடவில்லை.

மறு வருஷம் மாமனாரின் திதிக்கு அவர் வந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் அவரே முன்னின்று செய்தார். தர்ப்பைப் பவித்திரம் போட்ட விரலோடு பிண்டத்தை எடுக்கும்போது அவர் கை தடுமாறியது, என் கணவர் பிடித்துக்கொண்டார். அம்மாவை அவரே பி.பி. பார்க்கக் கூட்டிப் போனார். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. நான் காப்பியை மேஜையில் வைப்பேன், நான் திரும்பிய பிறகு எடுத்துக்கொள்வார்.

கிளம்பும் அன்று மத்தியானம் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார், கணவர் டாக்ஸி சொல்லப் போயிருந்தார். அண்ணா பெட்டியைப் பூட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார்.

"நான் உன்னோடதைத் தேடிப் போய் வாசிக்கலை," என்றார், தரையைப் பார்த்தபடி. "அம்மாவைப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான் போட்டேன். உன்னோடது நடுவுல வந்துண்டிருந்தது."

"வந்ததை வாசிச்சேள்."

"வாசிச்சேன்."

ஒரு வருஷமாக நான் கேட்க நினைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்டேன்.

"வாசிக்கறப்போ உங்களுக்கு வெக்கமா இல்லையா, அண்ணா?"

அவர் யோசித்தார். மழுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மழுப்பவில்லை.

"முதல் வாரம் இருந்தது. ஒரு மெயிலைத் திறந்துட்டு உடனே மூடிட்டேன். அப்புறம் பழகிடுத்து. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, சாதம் வெச்சுட்டு, உங்க எல்லாரையும் பாத்துண்டு சாப்பிடுவேன். ஆத்துல இருக்கற மாதிரி இருக்கும்."

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மாமியார் எழுந்து வந்தார், நமஸ்காரம், விபூதி, வழிக்குத் தயிர்சாதப் பொட்டலம் எல்லாம் ஆயிற்று. நான் வாசற்படியில் நின்று கையசைத்தேன். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பும்வரை அவர் பின் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் அப்போது பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்; கோபம் நாளடைவில் தீர்ந்தும் போயிருக்கும். 'பழகிடுத்து' என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். உள்ளே போய் அவர் குடித்த தம்ளரைத் தேய்க்கப் போட்டேன். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, அவர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று என் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.